மலையைக் கண்டவர் யார்? – கேமரன் மலை வரலாறும் தமிழ் அளவை நூலும்

கேமரன் மலையைப் பற்றிய நூல் எதுவாயினும் அதன் முதற்பக்கங்களில் ஒரு வாக்கியம் தவறாது இடம்பெறும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில ஆய்வாளர் இம்மலையைக் கண்டுபிடித்தார் என்பதே அவ்வாக்கியம். பயணக் கையேட்டிலும் அதுவே. பள்ளிக் கட்டுரையிலும் அதுவே. மாணவரிடம் ஆண்டு கேட்டால் ஆண்டு வரும். பெயர் கேட்டால் பெயர் வரும். "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று ரிங்லெட்டில் ஒரு பிள்ளை எழுந்து கேட்குமாயின், அவ்வினாவுக்கு விடை கூறப் பாடவேளையில் இடமில்லை. பெரும்பாலும் அவ்வினா எழுவதே இல்லை.

ரிங்லெட், பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில், பகாங் எல்லைக்குள் வந்து சேரும் முதற் சிற்றூர். கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரத்து நூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. ஊரை ஒட்டி 1963ஆம் ஆண்டில் கட்டி முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டில் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டம். அத்தோட்டத்தில் கொழுந்து கிள்ளவும், காடு வெட்டவும், ஆலையில் நிற்கவும் வந்த தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் இம்மலையில் உள்ளனர். அவர்களின் பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப் பள்ளியில் பயின்றபின், பதின்மூன்றாம் வயதில் மலாய் வழியே கற்பிக்கும் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைகின்றனர். ஐந்தாம் படிவத்து இறுதியில் எஸ்.பி.எம். தேர்வு. 2013ஆம் ஆண்டு முதல் அத்தேர்வுச் சான்றிதழைப் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். ஆதலின் வரலாறு என்பது அப்பிள்ளைகளுக்கு வெறும் பாடமன்று, வாயிற்கதவு.

அந்த வயதில்தான் பாடங்களும் பிரிந்து நிற்கத் தொடங்குகின்றன. கணக்காசிரியர் ஒன்றை உண்மை என்கிறார், அறிவியல் ஆசிரியர் ஒன்றை உண்மை என்கிறார், வரலாற்றாசிரியரும் அவ்வாறே. மூவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். ஆயின் அவர்கள் அதனை நிலைநாட்டும் முறை ஒன்றன்று. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதை எவரும் ஆயிரம் முக்கோணங்களை அளந்து துணிவதில்லை. தேயிலைச் செடி இம்மலையில் வளரும் என்பதை நட்டுப் பார்க்காமல் துணிவதில்லை. கேமரன் 1885ஆம் ஆண்டில் வந்தார் என்பதை நட்டுப் பார்க்கவும் இயலாது. வரைந்து காட்டவும் இயலாது. எவரோ சொன்னதைக் கொண்டே துணியவேண்டும். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

மேல்நாட்டார் சிலர் இதனைத் தனிப்பாடமாகவே வைத்துள்ளனர். 1808ஆம் ஆண்டில் நெப்போலியன் காலத்தில் ஏற்பட்ட பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வில் இன்றும் மாணவர் பெரும்பாலோர் நான்கு மணி நேரம் அமர்ந்து மெய்யியல் தேர்வு எழுதுகின்றனர். 1968ஆம் ஆண்டில் ஜெனீவாவில் தோன்றிய பன்னாட்டுப் பள்ளித் தேர்வுத் திட்டம், பதினாறு வயதுக்கு மேற்பட்ட தன் மாணவர் அனைவர்க்கும் 'அறிவுக் கோட்பாடு' என ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணம் மிகுந்த பள்ளிகள் பலவற்றில் அது கற்பிக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. ஆனால் அப்பிள்ளை பயிலும் தமிழில் அப்பாடம் ஏறத்தாழ முழுமையாகவே இருக்கிறது. அதனை எடுத்துப் பயன்படுத்துவோர்தாம் அரியர்.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதை, 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. இலக்கிய நயம் தேடுவோர் இதனைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். தமிழாசிரியர் பலர் தாமே தாண்டியிருப்பர். அவர்களைக் குறைகூறுவதிலும் பயனில்லை. தருக்கச் சொற்கள் நிரம்பிய வறண்ட பகுதி என்று அது பெயர் பெற்றுவிட்டது. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, தமிழ்ப் புலமை மட்டும் கொண்டு இந்நூலைக் கரைகாண இயலாது என உணர்ந்து, கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்தச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார். ஒரு துறையின் நூலைப் பிறிதொரு துறையின் விளக்கைக் கொண்டு படித்தார் என்க.

அக்காதையின் கதை எளிது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று, "உம் கொள்கை யாது?" என வினவுகிறாள். முதலில் அவள் காண்பவன் அளவைவாதி. அவன் தன் கடவுளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னே, எவ்வெவ் வழிகளால் ஒன்றை அறியலாம் என்று வகுத்துரைக்கிறான். வேதவியாசர் பத்து என்றார். கிருதகோடி எட்டு என்றார். சைமினி ஆறு என்றார். காட்சி, கருத்து, உவமை, ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, சம்பவம் எனப் பத்தும் விரிகின்றன. எத்தனை என்பதிலேயே ஆசிரியர்கள் வேறுபட்டனர் என்பதை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுவது இக்காதையின் சிறப்பு. பாடநூல் எழுதுவோர் பலரிடம் இந்நேர்மை இல்லை.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. அளவைபோலத் தோன்றி அளவையல்லாத எட்டினையும் அவன் எண்ணிக் காட்டுகிறான். 'ஐயம்' என்பது எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என மயங்குதல். 'தேராது தெளிதல்' என்பது ஆராயாமலே அக்கட்டையை மனிதன் என முடிவுகட்டல். மாலையில் பனிமூட்டம் இறங்கிய தேயிலைக் காட்டுப் பாதையில் நடந்த எவர்க்கும் இவ்விரண்டின் வேறுபாடு விளங்கும். 'கண்டுணராமை' என்பது கொடும்புலி அருகே வரக் கண்டும் இன்னதென்று அறியாதிருத்தல். எட்டாவதாக நிற்பது 'நினைப்பு'. இவரே உன் தாய், இவரே உன் தந்தை எனப் பிறர் சொல்ல, காரணம் ஏதும் அறியாமல் அதனைக் கருத்தில் கொள்ளுதல் இதற்கு எடுத்துக்காட்டு. தாய் தந்தையைப் பற்றிய நம்பிக்கையையே எடுத்துக்காட்டாகக் கொண்ட துணிவு வியக்கத்தக்கது. அச்செய்தி பொய் என்று நூல் கூறவில்லை, மெய்யாகவே இருக்கலாம். ஆயின் காரணம் நாடாமல் ஏற்றவன் அதனை அறிந்தவனாகான் என்பதே கருத்து.

கேமரன் மலையைப் பற்றிய அந்த முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்த மாணவன் இவ்வெட்டாவது வரிசையில்தான் நிற்கிறான். வாக்கியம் மெய்யாகலாம். அவன் அதனை அறிந்தானா என்பதே வினா.

இனி அவ்வாக்கியத்தை அளவைகளின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

கேமரன் சென்றது மெய். அதற்கு அவர் எழுதிய அறிக்கை சான்று. மலைகள் சூழ்ந்த நடுவில், சரிவு குறைந்த மேட்டுநிலம் ஒன்றைத் தாம் கண்டதாக அவர் தெரிவித்தார். ஆனால் அவர் கண்ட இடத்தை நிலப்படத்தில் குறித்துவைக்கவில்லை. மறு ஆண்டே, 1886இல், அவர் காலமானார். படமில்லாத கூற்றும், கூறியவர் இல்லாத நிலையும் சேர்ந்து, பின்வந்தோர்க்கு ஒரு புதிரை விட்டுச் சென்றன. அவர் பார்த்த மேட்டுநிலம் இன்று அவர் பெயர் பூண்ட இதே நிலந்தானா என்பதில் ஐயம் எழுப்பியோரும் உண்டு. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, அங்கே உடல்நலம் தேடுவோர்க்கு ஓர் உறைவிடம் அமைக்கலாம் எனக் கருதினார். லூபோக் தமாங் வரை ஒரு குறுகிய பாதையும் வெட்டப்பட்டது. அவ்வளவோடு அது நின்றுபோயிற்று.

பின்னர் 1908ஆம் ஆண்டளவில், கூட்டு மலாய் மாநிலங்களின் அருங்காட்சியகங்களைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் எச். சி. ராபின்சன் இம்மலைத்தொடரின் டெலோம் பகுதிக்கு வந்தார். அவர் தேடியவை பறவைகளும் சிறு விலங்குகளும். மேட்டுநிலம் உண்டா என்பது நில அளவையாளரின் வினா. இங்கு வாழும் உயிர்கள் சமவெளி உயிர்களா மலையுயிர்களா என்பது விலங்கியலாரின் வினா. உயர்ந்த மலைகளில் மட்டும் வாழும் பறவை ஒன்று கிடைத்தால், அதுவும் உயரத்துக்கு ஒரு சான்றாகும். கருவி காட்டும் எண்ணும் பறவையின் சிறகும் ஒரே முடிவுக்கு வருமாயின் அம்முடிவு வலுப்பெறுகிறது. துறைகள் ஒன்றையொன்று தாங்கும் முறைக்கு இஃது ஓர் எளிய எடுத்துக்காட்டு.

உயரத்தை அளக்கும் முறையிலும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அக்கால நில அளவையாளர் மலைமேல் நீரைக் கொதிக்கவைத்து, அது எத்தனை பாகையில் கொதிக்கிறது எனப் பார்த்து உயரத்தைக் கணித்தனர். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். ஆதலின் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ரிங்லெட் உயரத்தில் ஏறத்தாழ 96 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். சமவெளியைவிட இங்கே பருப்பு வேகச் சற்று நேரமாகிறது என்பது வீட்டுப் பெண்களுக்குக் காட்சியளவை; அதிலிருந்து மலையின் உயரத்தைத் துணிவது கருத்தளவை. அடுக்களையில் இருந்த அறிவைத்தான் அளவையாளர் தம் பையில் கொண்டுசென்றார்.

1925ஆம் ஆண்டில், கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலராக இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் இம்மலைக்கு நேரில் வந்து பார்த்தார். அதன்பின்னரே காரியங்கள் விரைந்தன. தானா ராத்தாவில் ஒரு வேளாண் சோதனை நிலையம் அமைக்கப்பட்டு, சின்கோனா, தேயிலை, காப்பி, பழவகை, காய்கறி ஆகியவை நட்டுப் பார்க்கப்பட்டன. நாற்பது ஆண்டுக்கால வாதத்தால் தீராத வினாவைச் செடி தீர்த்தது. 1931ஆம் ஆண்டில் தாப்பாவிலிருந்து சாலையும் முடிந்தது. அவ்வாறாயின் மலையைக் 'கண்டுபிடித்தவர்' யார்? கேமரன், ராபின்சன், மேக்ஸ்வெல், சோதனை நிலையத்து வேளாண் அறிஞர்கள் என ஒருவர் பின் ஒருவராக ஒரு கூற்றினை அறிவாக மாற்றினர் என்பதே பொருத்தம். ஒரு பெயரும் ஓர் ஆண்டும் அவ்வளவையும் தாங்கா.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவணவடிகள் காஞ்சி நகரில் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். அங்கே பத்து அளவைகளும் காட்சி, கருத்து என இரண்டாகச் சுருங்குகின்றன. பின்னர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி, கருத்து, உரை என மூன்றாக நிறுத்தினார். ஒரு நூற்றாண்டின் சமய நூல் மற்றொன்றின் எண்ணிக்கையை ஏற்கவில்லை. ஆயின் 'முதலில் அளவை, பிறகு கொள்கை' என்னும் ஒழுங்கினை இரண்டும் விடவில்லை. அறவணவடிகள் கற்பிக்கும் பகுதி, திக்நாகரின் தருக்க நெறியையும் 'நியாயப் பிரவேசம்' என்னும் வடமொழி நூலையும் பெரிதும் ஒத்திருத்தலின், மணிமேகலை எக்காலத்து நூல் என்னும் வழக்கிற்கே அது நடுநாயகமாயிற்று. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் ஒரு கட்சி. வையாபுரிப் பிள்ளை மறு கட்சி. எது எதற்கு முந்தியது என்பதைத் துணியும் அவ்வாதமும் அளவை பற்றியதே.

அவ்வடிகள் தரும் எடுத்துக்காட்டு எல்லோரும் அறிந்த ஒன்று: இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களைபோல. மலையிலே வாழும் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆனால் கேமரன் மலையில் நாள்தோறும் சரிவிலிருந்து எழுவது புகையன்று, பனிமூட்டம். அதனைப் புகை எனக் கொண்டால் ஏது பழுதுபடும். புகையாகவே இருந்தாலும் தீரவில்லை. 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் மலேசிய வானத்தை மூடிய புகை, சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளிலிருந்தும் கரிச்சதுப்பு நிலங்களிலிருந்தும் கடல்தாண்டி வந்தது. புகை இங்கே, நெருப்பு அங்கே. பண்டை ஆசிரியர்களின் விதி பொய்த்ததா? பொய்க்கவில்லை, நெருப்பின்றிப் புகை இல்லை என்பது நின்றது, 'இம்மலை' என்னும் இடமே தவறியது. மாணவன் இவ்வேறுபாட்டைத் தானே கண்டுபிடிக்க விட்டுவிடுவது நல்லாசிரியர் செயல்.

மற்றோர் எடுத்துக்காட்டு இதனினும் கூர்மையானது. கருத்தளவையின் வகைகளைக் கூறும்போது அளவைவாதி, ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேலே மழை பெய்தது எனத் துணிதலையும், கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் எனத் துணிதலையும் கூறுகிறான். பெர்த்தாம் ஆற்றங்கரையில் அத்துணிவு பல தலைமுறை நின்றது. 1963ஆம் ஆண்டுக்குப் பின் ஆற்றின் குறுக்கே அணை வந்துவிட்டது. வெள்ளம் என்னும் குறிக்குக் காரணம் மேல்மழை மட்டுமன்று. திறக்கப்பட்ட மதகும் ஆகலாம். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கனமழைக்கிடையே அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் மாய்ந்தன. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. மேட்டிலே காடழித்த நிலங்களிலிருந்து வந்த மண் தேக்கத்தில் படிந்து, நீர் கொள்ளும் அளவினைக் குறைத்திருந்தது என்பதும் பேசப்பட்டது. வானத்தை மட்டும் பார்த்து ஆற்றைக் கணித்த பழைய அறிவு, அணையின் கீழ் வாழ்வோர்க்குப் போதாததாயிற்று. அவ்வூரில் கருத்தளவை உயிர்ப்பிரச்சினை.

தோட்டத் தமிழரின் வரலாற்றில் இத்தகைய பிழைத் துணிபு ஒன்று பேரிழப்பை விளைத்ததுண்டு. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசுவால் மலேரியா பரவுகிறது என்னும் அப்போதைய புதிய அறிவைக் கைக்கொண்டு, கிள்ளானிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் சதுப்புகளை வடித்து, புதரை வெட்டி, நோயை வெகுவாகக் குறைத்தார். காட்டை வெட்டு, நீரை வடி, காய்ச்சல் ஒழியும் என்பது கண்ணாரக் கண்ட விதியாயிற்று. அதே விதியைக் குன்றுப்புறத் தோட்டங்களில் நடத்தியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது. காரணம், கரையோரச் சதுப்பின் நிழலில் வளரும் கொசு வேறு. குன்றுகளின் தெளிந்த ஓடையில், வெயில் படும் இடத்தில் வளரும் கொசு வேறு. நிழலை வெட்டியது முன்னதை அழித்தது, பின்னதை வளர்த்தது. அக்குன்றுத் தோட்டங்களில் பாலும் சாறும் எடுத்து மாண்டோரில் பெரும்பாலோர் தமிழர். வாட்சன் தம் விதியைப் பிடித்துக்கொண்டு நில்லாமல், ஓடைகளை மண்ணுக்கடியில் செலுத்தியும் எண்ணெய் தெளித்தும் வழி மாற்றினார். அவர் பெருமை முதல் வெற்றியைவிட இரண்டாவது ஆய்வில் உள்ளது. கேமரன் மலைச் சாலை வேலையாட்களையும் தாழ்ந்த சரிவுகளில் அக்காய்ச்சல் வாட்டியது.

ஆலைக்குள் சென்றாலும் பாடம் உண்டு. வதக்கி உருட்டிய தேயிலை கருஞ்சிவப்பாக மாறுவதை, நொதித்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே தொழில்துறை அழைத்து வருகிறது. நுண்ணுயிர்களின் வேலை அது என ஒரு காலத்தில் எண்ணினர். இலையிலுள்ள நொதியொன்றும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் சேர்ந்து செய்வது என்பது பின்னர்த் தெளிந்தது. அறிவு திருந்திற்று, பெயர் திருந்தவில்லை. வாசனையும் நிறமும் பார்த்து 'போதும்' என நிறுத்திய ஆலைத் தொழிலாளியின் கணக்கு மட்டும் முன்னும் பின்னும் சரியாகவே இருந்தது.

இனி உரையளவைக்கு வரவேண்டும். வரலாறு என்னும் துறை பெரிதும் இதன்மேலே நிற்கிறது. யாருடைய உரை அளவையாகும்? நம்பத்தக்கவன் உரை என்பது நூல்களின் விடை. நம்பத்தக்கவன் யார் என்பதில்தான் உலகம் இடறுகிறது.

மணிமேகலை வஞ்சியில் வாதிகளைக் காணச் சென்றது தன் உருவில் அன்று, தவசியின் வேற்றுருவில். அதற்குக் காரணம் காப்பியத்தின் முற்பகுதியிலேயே உள்ளது. இளையவள், பெண் என்று கருதி எவரும் மெய்ப்பொருளை அவளுக்குச் சொல்லமாட்டார்கள் என்றே மணிமேகலா தெய்வம் அவளுக்கு உருமாறும் மந்திரத்தைக் கொடுக்கிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அறிவு திறக்கிறது, மூடுகிறது என்பதைச் சாத்தனார் இத்துணை வெளிப்படையாகக் காட்டியுள்ளார். அளவை நூலை ஓதும் காதைக்கு முன் இந்நிகழ்ச்சியை வைத்துப் படிக்கும் மாணவி, அதனைத் தனக்கு எழுதியதாகவே கொள்வாள்.

கேட்பவர்க்கு நேர்வது சொல்பவர்க்கும் நேரும். கேமரனின் பயணங்களில் அவருடன் சென்றவர் கூலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரர். மேட்டுநிலத்துக்கு அவரே வழிகாட்டினார் என்று சொல்லப்படுவதும் உண்டு. அவர் எழுதிய அறிக்கை எதுவும் இல்லை. ஆதலின் அவர் பெயர் பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்கும் முன்பே இக்காடுகளில் வாழ்ந்தவர் செமாய், தெமியார் என்னும் பூர்வகுடியினர். எந்த ஓடை எங்கே சேரும், எந்த முகட்டுக்கு அப்பால் எது உண்டு என்பதை அவர்கள் வேட்டையாலும் பிரம்பு எடுப்பதாலும் அறிந்திருந்தனர். எழுதப்படாத அறிவைக் 'கண்டுபிடிப்பு' என்ற சொல் இல்லாததாக்கிவிடுகிறது. உள்ளதைக் கண்டும் உள்ளதென அறியாமை 'கண்டுணராமை' எனப்படும் என்று அளவைவாதி சொன்னது இங்கே நினைவுக்கு வரும்.

தமிழர் நிலையும் இதனைச் சார்ந்ததே. சாலையைப் பற்றிய குறிப்புகளில் ஆண்டும் அதிகாரிகளும் உண்டு. கல்லுடைத்தோரின் பெயர் இல்லை. தோட்டங்களிலே பாட்டி சொல்லும் கதைகள் உண்டு: எந்த லயத்தில் முதலில் குடியேறினர், எந்தத் துரை காலத்தில் காடு எரித்தனர், எந்த மரத்தடியில் முனியாண்டியை வைத்தனர் என்பன. இவற்றை அளவைவாதி 'ஐதிகம்' என வகைப்படுத்துவான். அவன் ஐதிகத்துக்குத் தரும் எடுத்துக்காட்டே, இம்மரத்தில் பேய் உண்டு என ஊர் சொல்லுவதுதான். சாத்தனார் நகைத்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். எனினும் அதனை அளவைப் பட்டியலில் சேர்த்தே வைத்தார். பாட்டியின் கதையில் பேய் இருக்கலாம், ஆண்டு பிழையாகலாம், ஆனால் லயத்தின் இடமும், உடன் வந்தோரின் ஊரும், மாண்ட பிள்ளையின் பெயரும் வேறெங்கும் கிடையா. அதனை அப்படியே வரலாறு எனக் கொள்வது தேராது தெளிதல். பொய்யெனத் தள்ளுவதும் தேராது தெளிதலே. தோட்டப் பதிவேடு, கோயிற் கல்வெட்டு, பிறப்புச் சான்று, பக்கத்து லயத்துக் கிழவரின் சொல் ஆகியவற்றோடு வைத்து ஒப்புநோக்குவது ஒன்றே வழி. நான்காம் படிவத்து மாணவன் ஒருவன் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

இல்லாமையும் ஓர் அறிவே என்பது அபாவ அளவை. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என அறிவது எளிதென்று தோன்றும். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டுத் தொழிலால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து வெளியே சென்று திரும்பவில்லை. போலீசாரும் படையினரும் பூர்வகுடியினரும் நாட்கணக்கில் காட்டைச் சலித்தனர். ஒரு துணித்துண்டும் அகப்படவில்லை. தேடியோரில் சிலர், உடல் இக்காட்டில் இல்லை, ஆதலின் கடத்தப்பட்டார் என்றனர். சிலர், காடு அடர்ந்தது, ஆதலின் உடல் இங்கேயே கிடக்கிறது என்றனர். ஒரே இன்மையிலிருந்து இரண்டு முடிவு. அறையில் குடம் இல்லை என்பதை அறிய, குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்னும் உறுதி வேண்டும் என்பது தருக்க நூலாரின் நிபந்தனை. அடர்ந்த மழைக்காட்டில் அவ்வுறுதி கிட்டாது. எழுத்துச் சான்று கிடைக்காமையால் ஒரு மக்களுக்கு வரலாறே இல்லை எனத் துணிவோர்க்கும் இதே நிபந்தனை பொருந்தும்: எழுதிவைத்திருக்கக் கூடியவர்கள் எழுதினார்களா என்பது முதலில் கேட்கப்படவேண்டும்.

செமாய் மக்களைப் பற்றி எழுத்துச் சான்று தேடுவோர்க்கு ஒன்று மட்டும் நிலப்படத்திலேயே இருக்கிறது. மலைக்கு ஆங்கிலேயர் பெயர் வந்தது. ஆனால் அதன் நீரெல்லாம் இறங்கும் டெலோம், பெர்த்தாம் என்னும் ஆறுகளின் பெயர்கள் ஆங்கிலமல்ல. வந்தவர் அவற்றைத் தாமே வைத்திருக்க இயலாது. இங்கிருந்த எவரிடமோ கேட்டே எழுதியிருக்கவேண்டும். பெயரைச் சொன்ன அந்த வாய், கேமரனுக்கு முன்பே அந்த ஆற்றைக் கடந்த ஒருவருடையது.